மவுஸ் பிடிக்கும் கைகளுக்கு... கைகொடுக்கும் குறிப்புகள்!

ஓர் ஆடி வெள்ளிக்கிழமை. கால் கிலோ மல்லிகை அரும்பை முறத்தில் கொட்டிக்கொண்டு கட்ட உட்கார்ந்தேன். நார் விரலுக்குள் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்றே தெரியவில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் உறை மாட்டியது போல மரத்துக் கிடந்தன. சுண்டுவிரலுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

ஆடிட்டர் அலுவலகத்தில் பதினோரு வருஷமாகக் கணக்கு ஏற்றுகிற கை இது. மாதா மாதம் 11-ம் தேதி, 20-ம் தேதி என்று ஜிஎஸ்டி கெடு. ஜூலை பிறந்தால் வருமான வரி. அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி அக்கா கையைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பாரம் தூக்கி வந்த வலி இல்லம்மா இது. ஒரே அசைவை ஓயாம செஞ்சு வந்தது. கையை நேரா வை, நடுநடுவே விடு. மத்ததெல்லாம் அப்புறம்.” அன்றிலிருந்து நான் பழகியதையும், அக்கம்பக்கத்தில் கேட்டு வைத்ததையும் இங்கே சொல்லியிருக்கிறேன். பெரும்பாலானவற்றுக்கு வீட்டில் கிடக்கிற சாமானே போதும்.

1. பிள்ளைகளின் அடி ஸ்கேலை எடுத்துப் புறங்கை மேலும் முன்கை மேலும் படிகிற மாதிரி வைத்துக்கொண்டு, கீபோர்டில் விரலை வையுங்கள். மணிக்கட்டுக்கும் ஸ்கேலுக்கும் நடுவே பள்ளம் விழுந்தால் கை மேல்நோக்கி மடங்கியிருக்கிறது என்று அர்த்தம். நாற்காலியையோ கீபோர்டையோ ஏற்றி இறக்கி அந்தப் பள்ளத்தைப் போக்கிவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

2. மணிக்கட்டில் குறுகலான ஒரு வழி இருக்கிறது. விரல்களை மடக்குகிற 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள்தான் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. நாண்களைச் சுற்றி வீங்கினால் நசுங்குவது அந்த நரம்பு. கட்டைவிரல் பக்கத்து மூன்றரை விரல் மரத்து, சுண்டுவிரல் தப்பித்தால் சந்தேகம் இந்த இடத்தின் மேல்தான். ‘கார்பல் டனல்’ என்று டாக்டர் சொல்வது இதைத்தான்.

3. சுண்டுவிரலும் மோதிர விரலும் மட்டும் மரத்தால் மணிக்கட்டைத் தேய்த்துப் பயனில்லை, முழங்கையைப் பாருங்கள். கண்ணாடி மேசையிலோ நாற்காலியின் கட்டைக் கைப்பிடியிலோ முழங்கையை மணிக்கணக்காக ஊன்றும்போது, அங்கே ஓடுகிற வேறொரு நரம்பு அழுந்துகிறது. பழைய துண்டை நாலாக மடித்து அந்த இடத்தில் போட்டுவிடுங்கள். கன்னத்தில் கை வைத்தபடி படிக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

4. கீபோர்டுக்கு அடியில் இரண்டு குட்டிக் கால்கள் இருக்குமே, அவற்றை மடக்கிவிடுங்கள். அவற்றை நிமிர்த்தி வைப்பதுதான் வசதி என்று நானும் வருஷக்கணக்காக நினைத்திருந்தேன். பின்பக்கம் உயர உயர நம் மணிக்கட்டுதான் மடங்குகிறது.

5. கீபோர்டுக்கு முன்னால் வைக்கிற மெத்தென்ற கைத்தாங்கி, தட்டாமல் இருக்கும்போது கையை வைப்பதற்கு. அதில் மணிக்கட்டை அழுத்திக்கொண்டே தட்டினால் நரம்பு இன்னும் நசுங்கும். காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம், கைத்துண்டை இறுக்கமாகச் சுருட்டி இரண்டு முனையிலும் ரப்பர் பேண்ட் போட்டால் அதே வேலை நடக்கும்.

6. டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பாஸ் செய்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த மிஷினில் எழுத்து விழ ஓங்கித் தட்ட வேண்டியிருந்தது, கீபோர்டுக்கு அது தேவையே இல்லை. பக்கத்து அறையில் இருப்பவருக்கு உங்கள் தட்டல் சத்தம் கேட்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கேட்கிறது என்றால் பாதி பலம் வீணாகப் போகிறது.

7. சில கீ அழுந்த மறுத்தால் நம்மை அறியாமல் அந்த விரலுக்குக் கூடுதல் பலம் கொடுப்போம். மாதம் ஒருமுறை கீபோர்டைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் இடுக்கெல்லாம் தேயுங்கள். காபி கொட்டிப் பிசுக்கான கீபோர்டுக்கு மட்டும் இரக்கம் காட்டாதீர்கள். புதிது, வலிக்கு வாங்குகிற மாத்திரையை விடச் சீப்.

8. லேப்டாப்பில் ஒரு சிக்கல் உண்டு: கைக்குச் சரியாக வைத்தால் கழுத்து குனிகிறது, கழுத்துக்குச் சரியாக வைத்தால் கை தூக்குகிறது. நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. குனியக் குனியக் கழுத்துத் தசைகள்தான் அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். தடிமனான பழைய புத்தகங்களை அடுக்கி லேப்டாப்பை அதன் மேல் வைத்துவிட்டு, சாதாரண கீபோர்டும் மவுஸும் தனியாகச் செருகிக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால், நாற்காலிக்கு முன்னால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

9. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரட்டும், தூரம் கை நீட்டினால் விரல் நுனி தொடுகிற அளவு.

10. ஆனால் பைஃபோகல், புரோகிரசிவ் கண்ணாடி போட்டவர்கள் மேலே சொன்னதை அப்படியே பின்பற்ற வேண்டாம். கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் படிக்க மோவாயைத் தூக்கித் தூக்கியே பிடரி பிடித்துக்கொள்ளும். திரையை நாலு விரற்கடை இறக்கி, லேசாகப் பின்னுக்குச் சாய்த்து வையுங்கள்.

11. எழுத்து பொடியாகத் தெரிந்தால் நாம் ஆமை மாதிரி கழுத்தை நீட்டுகிறோம். கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு பிளஸ் கீயை இரண்டு தட்டு தட்டினால் பிரவுசரில் எழுத்து பெரிதாகிவிடும். கண்ணுக்கும் கழுத்துக்கும் இதைவிட மலிவான உதவி கிடையாது.

12. சாப்பாட்டு மேசை, பெயருக்கு ஏற்றபடி சாப்பிடத்தான் உயரம். அதில் உட்கார்ந்து தட்டினால் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிடும். நாற்காலியில் மடித்த போர்வையைப் போட்டு, முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்வரை உயர்த்துங்கள். அப்போது கால் தரையில் எட்டாமல் தொங்கும், அதற்குக் கீழே மணைப்பலகை. பூஜை அறையில் சும்மா இருக்கும் மணை, நாள் முழுக்கக் காலுக்கு உதவும்.

13. பின்னிடுப்பில் ஒரு குளியல் துண்டைச் சுருட்டி வைத்துப் பாருங்கள். முதுகு தானாக நிமிரும், முதுகு நிமிர்ந்தால் தோள் பின்னுக்குப் போகும், கை தளரும். கை வலிக்கு முதுகில் மருந்து போடுவது போல இருக்கும்; பலன் தெரிகிறது.

14. கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி மேசைக்கு அடியில் நுழையாது. அதனால் எட்டி எட்டித் தட்டுவோம். கைப்பிடி இல்லாத சாதாரண நாற்காலி இருந்தால் வேலைக்கு அதை எடுத்துக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியை வாசலுக்கு அனுப்பிவிடுங்கள்.

15. கட்டிலில் சாய்ந்து, மடியில் லேப்டாப் வைத்து ஒரு மெயில் அனுப்பலாம். ஒரு நாள் வேலையைச் செய்யக் கூடாது.

16. மவுஸ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கீபோர்டின் வலது ஓரத்தில் எண்கள் இருப்பதால் மவுஸ் ஒரு சாண் தள்ளிப் போய்விடுகிறது. அதை எட்டிப் பிடித்தே வலது தோள் இற்றுப்போகும். எண் அதிகம் அடிக்காதவர்கள், எண் பகுதி இல்லாத சின்ன கீபோர்டு வாங்குங்கள். என்னைப் போலக் கணக்கு ஏற்றுபவர்கள், எண்களுக்கு மட்டும் தனியாக விற்கிற சின்னப் பலகையை வாங்கி இடது கையிலும் பழகலாம்.

17. பயணத்துக்கென்று விற்கிற குட்டி மவுஸ் பார்க்க அழகு, பிடிக்க அவஸ்தை. விரலெல்லாம் நண்டுக்கால் மாதிரி மடங்கிக்கொள்ளும். கடையில் கையை அதன் மேல் வைத்துப் பார்த்து, உள்ளங்கை முழுக்கத் தாங்குகிறதாக வாங்குங்கள்.

18. மவுஸை மணிக்கட்டால் விசிறாமல் முழங்கையிலிருந்து நகர்த்திப் பழகுங்கள். வாசலில் கோலமாவு இழுக்கும்போது கை எப்படி முழுசாகப் போகிறது, அந்த மாதிரி.

19. அம்புக்குறி நகரும் வேகத்தை செட்டிங்ஸில் கொஞ்சம் கூட்டிவிட்டால், கை அரைச்சாண் நகர்ந்தாலே திரையின் கோடிக்குப் போய்விடும். ரொம்பக் கூட்டினால் குறி தப்பும். அதைப் பிடிக்க விரல் இறுகும். இரண்டு நாள் முன்னே பின்னே வைத்துப் பார்த்தால் உங்களுக்கான அளவு கிடைத்துவிடும்.

20. படிக்கும்போது மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் போட்டுவிடுங்கள். ஒரு பக்கம் முழுக்கப் படித்து முடிக்கும் வரை மவுஸைக் கவ்வியே வைத்திருப்பது, கொதிக்காத பால் பக்கத்தில் இடுக்கியோடு நிற்பது மாதிரி. முழங்கையின் வெளிப்பக்கம் கடுப்பதற்கு இந்தப் பிடிதான் பல நேரம் காரணம்.

21. மவுஸை வாரத்தில் இரண்டு நாள் இடது கைக்கு மாற்றலாம். முதல் நாள் எரிச்சலாக வரும், ஆகவே அலுவலகக் கணக்கில் ஆரம்பிக்காதீர்கள். கரண்ட் பில் கட்டும்போதும் மளிகை ஆர்டர் போடும்போதும் பழகுங்கள். எனக்கு மூன்று வாரத்தில் கை வந்துவிட்டது.

22. டேலியில் வேலை செய்பவர்கள் மவுஸையே மறந்துவிடலாம். பணம் கொடுத்தது எஃப்5, வந்தது எஃப்6, விற்பனை எஃப்8, கொள்முதல் எஃப்9 என்று விசைகளாலேயே ஓட்டுகிற மாதிரித்தான் அதை வைத்திருக்கிறார்கள். மற்ற எல்லோருக்கும் கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி, ஜன்னல் மாற்ற ஆல்ட் டேப். நாளைக்கு ஒரு ஷார்ட்கட் என்று ஒரு வாரம் பழகினால் போதும்.

23. ஷார்ட்கட் போடும்போது ஒரே கையின் சுண்டுவிரலையும் ஆள்காட்டி விரலையும் இழுத்து விரிக்க வேண்டாம். கன்ட்ரோலை ஒரு கை அழுத்தட்டும், எழுத்தை மறு கை தட்டட்டும். அதுவும் வலித்தால் ஷிஃப்ட் கீயை ஐந்து முறை தொடர்ந்து தட்டுங்கள். விண்டோஸில் ‘ஸ்டிக்கி கீஸ்’ வேண்டுமா என்று கேட்கும். ஆம் என்றால், இரண்டு கீயைச் சேர்த்து அழுத்தாமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டலாம்.

24. தினம் பத்துத் தடவை அடிக்கிற முகவரி, வங்கி விவரம், “தங்கள் கடிதம் கிடைத்தது” போன்ற வரிகளுக்கு இரண்டெழுத்துச் சுருக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வேர்டில் ஆட்டோ கரெக்ட் பட்டியலில் ஒரு தடவை ஏற்றிவிட்டால் பிறகு முழு வரியும் தானாக விழும். மொபைல் கீபோர்டிலும் இந்த வசதி உண்டு.

25. கூகுள் டாக்ஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி மைக்கைத் திறந்து, மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டால் நாம் பேசப் பேச அது எழுதும். நீளக் கடிதத்தைப் பேசி முடித்துவிட்டு, பிழை திருத்த மட்டும் கை வைத்தால் போதும். மின்விசிறிச் சத்தத்துக்கு நேர் கீழே உட்கார வேண்டாம். தப்புத் தப்பாக எழுதும்.

26. தமிழில் நிறையத் தட்டுபவர்கள் ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடிப்பதை விட்டு, தமிழ்99-க்கு மாறலாம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை அது. ‘தமிழ்’ என்று எழுத ஒலிபெயர்ப்பில் ஏழு எழுத்து தட்டுகிறோம், இதில் ஐந்துதான். அம்மா, அப்பா போன்ற சொற்களில் ஒரே மெய்யை அடுத்தடுத்துத் தட்டினால் புள்ளியும் தானே விழுந்துவிடும். உயிர் இடப்பக்கம், மெய் பெரும்பாலும் வலப்பக்கம் என்று பிரித்திருப்பதால் இரண்டு கையும் மாறி மாறி ஓய்வெடுக்கின்றன. பழக ஒரு மாதம் ஆகும். அந்த மாதம் வேகம் குறையும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

27. டைப்ரைட்டர் காலத்தில் இந்த வலி இவ்வளவு பேசப்படவில்லையே என்று எங்கள் தெரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் சாரிடம் கேட்டேன். பதில் சொல்லாமல், துணி போர்த்தி வைத்திருந்த மிஷினைத் திறந்து ஒரு வரி அடித்துக் காட்டினார். வரி முடிகிற நேரம் மணி ‘டிங்’ என்றது. இடது கை எழுந்து போய் லீவரைத் தள்ளி வந்தது. பக்கம் முடிந்ததும் உருளையைத் திருகித் தாளை உருவி, கார்பனை எடுத்து, புதுத் தாளைச் சேர்த்து, ஓரம் பார்த்து நுழைத்தார். கை இருந்த இடத்திலேயே இருக்க அந்த மிஷின் விடவில்லை. கம்ப்யூட்டரில் மணியும் இல்லை, லீவரும் இல்லை, ஆகவே அந்த இடைவெளிகளை நாம்தான் வைத்துக்கொள்ள வேண்டும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அரை நிமிஷம் கையைத் தொங்கவிடுங்கள், மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிஷம் எழுந்திருங்கள்.

28. பக்கத்தில் இரண்டு லிட்டர் பாட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு சின்ன டம்ளர் போதும். டம்ளர் காலியானால் எழுந்து போய்த்தான் ஆக வேண்டும், தண்ணீர் உள்ளே போனால் இன்னொரு காரணத்துக்காகவும் எழுந்தாக வேண்டும்!

29. மொபைலில் அலாரம் வைத்தால் அணைத்துவிட்டு மறுபடி தட்ட ஆரம்பிக்கிறோம். அதற்குப் பதில் வெளியிலிருந்து வருகிற சத்தத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்: பக்கத்துப் பள்ளிக்கூடத்து மணி, குக்கர் விசில், சீரியல் நடுவே விளம்பரம். சத்தம் கேட்டதும் கை கீபோர்டை விட்டு எழ வேண்டும், அவ்வளவுதான்.

30. கண்ணுக்கு 20-20-20: இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை, இருபது அடி தள்ளி உள்ள ஒன்றை இருபது விநாடி பாருங்கள். எதிர் மாடியில் காயும் துணியைப் பார்த்தாலும் சரி. கண் போகும்போதே கையும் கீபோர்டை விடட்டும்.

31. போன் வந்தால் எழுந்து நின்று பேசுங்கள். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு தட்டுவதைப் போலக் கழுத்துக்குக் கெடுதல் வேறில்லை. போனோடு வந்த இயர்போன் டிராயரில் சும்மாதானே கிடக்கிறது?

32. கட்டைவிரல் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் வலியா? கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்களால் மூடி, கையை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாயுங்கள். சுருக்கென்று தெறித்தால் அது ‘டி குவெர்வைன்’ என்கிற தசைநாண் உறை வீக்கமாக இருக்கலாம். 1895-ல் இந்த நோயைப் பற்றி எழுதி வைத்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவரின் பெயர் அது. ஒரே கையில் போனைப் பிடித்து அதே கட்டைவிரலால் தட்டுபவர்களுக்கும், கைக்குழந்தையை அக்குளில் கை கொடுத்துத் தூக்கித் தூக்கி இறக்குகிற தாய்மார்களுக்கும் வரும். போனை மேசையில் வைத்து ஆள்காட்டி விரலால் தட்டுங்கள். குழந்தையை முதுகுக்கும் பிட்டத்துக்கும் கை கொடுத்து அள்ளித் தூக்குங்கள்.

33. வீடியோ பார்க்கும்போது போனை எவர்சில்வர் சொம்பில் சாய்த்து வைத்துவிடுங்கள். ஸ்டாண்டு வாங்கத் தேவையில்லை.

34. கெடு நாளில் தோள் தானாக மேலே ஏறும், பல் கடிபடும். இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 300 வருஷத்துக்கு முன்பே குமாஸ்தாக்களின் கைவலிக்கு மூன்று காரணம் எழுதினார்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே வாகில் அசைத்துக்கொண்டே இருப்பது, கணக்கில் பிழை வந்துவிடுமோ என்ற மனப்பாரம். மூன்றாவதைப் படித்தபோது என்னைப் பார்த்து எழுதியது போலவே இருந்தது. ஒவ்வொரு ரிட்டர்னை அனுப்பியதும் மூச்சை நீளமாக விட்டுத் தோளைத் தொங்கவிடுவதை இப்போது வழக்கமாக்கிக்கொண்டேன்.

35. கும்பிடுகிற மாதிரி கை சேர்த்து, உள்ளங்கை பிரியாமல் மெல்லக் கீழே இறக்குங்கள். மணிக்கட்டின் அடிப்பக்கம் இழுபடுவது தெரிந்ததும் நிறுத்தி, பதினைந்து விநாடி எண்ணுங்கள். வலிக்கும் வரை இழுப்பது பயிற்சி இல்லை.

36. விரலை நீட்டுங்கள்; நுனியை மட்டும் கொக்கி மாதிரி மடக்குங்கள்; மறுபடி நீட்டிவிட்டு முழுக்க மூடுங்கள். உள்ளே தசைநாண்கள் வழுக்கி ஓட இது உதவும். பால் பொங்கக் காத்திருக்கிற நேரத்தில் ஐந்து தடவை முடித்துவிடலாம்.

37. காய்கறிக் கட்டோடு வருகிற ரப்பர் பேண்டைத் தூக்கிப் போடாமல், ஐந்து விரலையும் சேர்த்து நுனியில் மாட்டிக்கொண்டு விரித்து மூடுங்கள். நாள் முழுக்க மடங்கியே வேலை செய்கிற விரலுக்கு இது எதிர்வேலை. வலி தீவிரமாக இருக்கும் நாட்களில் இதை விட்டுவிடுங்கள்.

38. சுவரில் முதுகை ஒட்டி நின்று, மோவாயைத் தூக்காமல் தலையை மட்டும் பின்னுக்குத் தள்ளிச் சுவரைத் தொடுங்கள். ஐந்து விநாடி, பத்து முறை. கழுத்துப் பிடிப்புக்கு அக்கா சொல்லிக்கொடுத்ததில் இதுதான் எனக்கு நம்பர் ஒன்.

39. ஒத்தடம் வெந்நீரா, ஐஸா? வீங்கிச் சூடாக இருந்தால் ஐஸ் கட்டியைக் கைக்குட்டையில் சுற்றிப் பத்து நிமிஷம். காலையில் விறைப்பாக மடங்க மறுத்தால் வெதுவெதுப்பான நீர். கை மரத்திருப்பவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் சூட்டை மற்ற கையால் தொட்டுப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாமல் கொப்புளித்துவிடும்.

40. ஏசி காற்று நேராகக் கையில் அடிக்கிற இடத்தில் உட்கார்ந்தால் விரல் விறைக்கும். துப்பட்டாவையோ முழுக்கை ஸ்வெட்டரையோ முன்கைக்குப் போர்த்திக்கொள்ளுங்கள்.

41. தூக்கத்தில் கையை மடக்கித் தலைக்கடியில் வைப்பவர்கள் நடுராத்திரி மரத்துப் போய் எழுந்து கையை உதறுவார்கள். மருந்துக்கடையில் மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டை கிடைக்கும். அதைப் படுக்கும்போது கட்டிக்கொண்டால் சில வாரத்தில் ராத்திரி உதறல் குறையும். இறுக்கிக் கட்டாதீர்கள், பகலெல்லாம் கட்டிக்கொண்டு தட்டவும் செய்யாதீர்கள்.

42. பெண்களுக்கு ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். எட்டு மணி நேரம் மவுஸ் பிடித்த அதே கைதான் வீட்டுக்கு வந்து தேங்காய் துருவுகிறது, மாவு பிசைகிறது, பெட்ஷீட் பிழிகிறது. அலுவலகத்தில் எத்தனை நாற்காலி மாற்றினாலும் இந்த இரண்டாவது ஷிஃப்ட் குறையாமல் வலி போகாது. எங்கள் வீட்டில் பிழிகிற வேலையையும் துருவுகிற வேலையையும் வீட்டுக்காரரும் பையனும் பங்கு போட்டுக்கொண்டார்கள். உங்கள் வீட்டிலும் கேளுங்கள், கேட்டால்தான் கிடைக்கும்.

43. பிழிய ஆளில்லாத நாளில், ஈரத் துணியைக் குழாயில் ஒரு சுற்று சுற்றி, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து ஒரே பக்கமாக முறுக்குங்கள். மணிக்கட்டு திருகாது, முன்கையும் தோளும் வேலை செய்யும். கனத்த துணியைப் பிழியாமல் கொடியில் சொட்டவிட்டாலும் வெயில் பார்த்துக்கொள்ளும்.

44. ஒல்லியான கைப்பிடியைப் பிடிக்கத்தான் அதிக பலம் வேண்டும். கத்தி, துருவல், கரண்டிப் பிடிகளில் பழைய பருத்தித் துணியைச் சுற்றி நூலால் கட்டித் தடிமனாக்குங்கள். பேனாவுக்கும் இதே வைத்தியம். திறக்காத பாட்டில் மூடிக்கு அகலமான ரப்பர் பேண்டை மாட்டித் திருகினால் பாதி பலத்தில் திறக்கும்.

45. லேப்டாப் பையை இரண்டு தோளிலும் மாட்டுங்கள். வண்டி ஓட்டும்போது ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல், சிக்னலில் நிற்கிற நேரம் விரலை விரித்து மூடுங்கள்.

46. எல்லாப் பழியையும் கம்ப்யூட்டர் மேல் போட வேண்டாம். சர்க்கரை, தைராய்டு குறைவு, கர்ப்பகாலம், மூட்டுவாதம் இவையும் அதே நரம்பை நெருக்கும். எனக்குத் தைராய்டும் கூட்டு சேர்ந்திருந்தது ரத்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது.

47. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் இரண்டே விஷயம் எழுதுங்கள்: வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, அதற்கு முன் என்ன வேலை. பதினைந்து தாள் சேர்ந்தால் காரணம் கண்ணுக்குத் தெரியும். டாக்டரிடம் அந்தத் தாள்களையே காட்டலாம்.

48. வலி மாத்திரையை விழுங்கிவிட்டுத் தட்டுவதை நான் செய்திருக்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். வலி தெரியாமல் போகும், நசுங்கல் நிற்காது. நாட்கணக்கில் சாப்பிட்டால் வயிறும் சிறுநீரகமும் கெடலாம்.

49. அலுவலகத்தில் சரியான நாற்காலி கேட்கத் தயங்க வேண்டாம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010-ல் திருத்தி வெளியிட்ட தொழில்நோய்ப் பட்டியலில் கார்பல் டனலும் இருக்கிறது. 2021-ல் தமிழ்நாட்டில் கடைகளில் நாளெல்லாம் நிற்கும் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் திருத்தினார்கள். உட்கார்ந்தே இருக்கிற நாம் எழுந்திருக்க நேரம் கேட்பதும் நியாயம்தான். இரண்டு மூன்று பேர் சேர்ந்து, இன்ன உயரத்தில் இன்னது வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். அப்படிக் கொடுத்தபோதுதான் எங்களுக்குக் கிடைத்தது.

50. இடது கை வலியோடு நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல் சேர்ந்தால் அது கீபோர்டு வலி என்று உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

51. மரப்பு பகலிலும் விலகவில்லை, டம்ளர் கை நழுவுகிறது, சட்டைப் பொத்தான் போட வரவில்லை, கட்டைவிரல் அடிச்சதை வற்றித் தெரிகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் குறிப்புகளை மூடி வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். நரம்புக்குள் மின்னோட்டம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று ஒரு சோதனை செய்து, நசுங்கிய இடத்தைச் சொல்லிவிடுவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எலும்பு மூட்டுப் பிரிவும் பிசியோதெரபியும் இருக்கின்றன. நான் ராத்திரி உதற ஆரம்பித்து ஐந்து மாதம் கழித்துத்தான் போனேன், விரல் நுனியில் உணர்ச்சி முழுசாகத் திரும்ப ஒரு வருஷம் ஆனது. நீங்கள் இந்த வாரமே போய்விடுங்கள்.